கைமருந்தும் மருந்துதான்

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

மூலிகைகளைப் பற்றி இன்று பேசலாம் என்று நாங்கள் முடிவு செய்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. மருத்துவ உதவி கேட்டு அறக்கட்டளைக்கு மனுக்கள் வருகின்றன. காலில் ஆறாத புண், சிறுநீரகக் கோளாறு, முற்றிய மஞ்சள் காமாலை என்று ஒவ்வொன்றாக வாசிக்கிறோம். குடும்பத்தாரை உட்கார வைத்து விசாரித்தால் சில மனுக்களுக்குப் பின்னால் ஒரே மாதிரியான செய்தி வெளிவருகிறது. "மாத்திரையை நிறுத்திட்டு பொடி சாப்பிட்டாங்க", "பச்சிலை கொடுத்துப் பார்த்தோம்", "ஒரு மாதம் பார்க்கலாம்னு இருந்தோம்." உதவித்தொகை கொடுப்பது எங்கள் கடமை, கொடுக்கிறோம். ஆனால் அந்த ஒரு மாதத்தைப் பணத்தால் திருப்பித் தர முடியாது.

உடனே "மூலிகை வேண்டாம் என்று சொல்ல வந்துவிட்டார்கள்" என்று யாரும் நினைக்க வேண்டாம். நாங்கள் சொல்ல வருவது வேறு. மூலிகை உண்மையிலேயே மருந்து. மருந்து என்பதால்தான் அதற்கு மருந்துக்குரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும் என்கிறோம்.

அடுப்படியில் இருக்கும் மருந்துப்பெட்டி

முதலில் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறப்போம். ரமலானில் நம் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியோடு வெந்தயம், இஞ்சி, பூண்டு, பட்டை, கிராம்பு, புதினா, மல்லித்தழை எல்லாம் சேருகின்றன. பகல் முழுவதும் காய்ந்த வயிற்றுக்குள் முதலில் போவது எளிதில் செரிக்கும் ஓர் உணவு. அதில் வெந்தயத்தின் வழவழப்பும் இஞ்சியின் காரமும் சேர்ந்திருக்கின்றன. நம் முன்னோர் இதற்கு மருந்து என்று பெயர் வைக்கவில்லை, கஞ்சி என்றே அழைத்தார்கள். உணவோடு உணவாக, உணவின் அளவில் சேர்ந்திருப்பது அதன் சிறப்பு.

வயிறு உப்பிக்கொண்டால் ஓமத்தை வறுத்துப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் கொடுக்கிறோம். ஓமத்தில் தைமால் என்ற எண்ணெய்ப் பொருள் இருக்கிறது. அந்த வாசனையே அதுதான். பயணத்தில் குமட்டல் வந்தால் இஞ்சித் துண்டு. சளி, தொண்டைக் கரகரப்புக்குச் சுக்கு, மிளகு, மல்லி போட்ட காபி. சளிக் காலத்தில் தூதுவளைத் துவையல் அல்லது தூதுவளை ரசம். பிள்ளைகளுக்கு மூக்கடைத்தால் கற்பூரவள்ளி இலையை வாட்டிப் பிழிந்த சாற்றில் சில சொட்டு. மலச்சிக்கலுக்குக் கடுக்காய் அல்லது இசப்கோல். உடம்பு அரிப்புக்கு வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் குளிப்பு. இவை எல்லாம் நல்ல வழக்கங்கள். சிறிய உபாதைக்கு இவை போதும். ஒவ்வொரு தும்மலுக்கும் ஊசி போடச் சொல்லிக் கிளினிக் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை.

இந்த அறிவு ஒரு சமூகத்துக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்ததைத் திரிபலா என்கிறோம். யூனானி மருத்துவர்கள் அதே மூன்றை வைத்துச் செய்யும் லேகியத்துக்கு 'இத்ரீஃபல்' என்று பெயர். திரிபலா என்ற சொல்தான் அரபு, பாரசீக நாவுகளில் அப்படி ஆகியிருக்கிறது. 'இசப்கோல்' என்பதோ பாரசீகத்திலிருந்து நம்மிடம் வந்த சொல். குதிரையின் காது என்பது அதன் பொருள். விதையின் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். தமிழில் ஹக்கீம் அப்துல்லா சாயபு அவர்கள் பல பாகங்களாக எழுதிய 'அனுபோக வைத்திய நவநீதம்' என்ற நூலைச் சித்த மருத்துவம் படிப்பவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். மருந்து விஷயத்தில் நம் முன்னோர் கொடுத்தும் வாங்கியும் வாழ்ந்திருக்கிறார்கள்.

செடிக்குள் இருப்பது என்ன?

ஆடாதோடையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆடு தொடாத இலை என்பதால் அந்தப் பெயர். வேலி ஓரத்தில் தானாக நிற்கும். அதன் இலையைக் கஷாயம் வைத்தால் கெட்டிச் சளி இளகும் என்பது பழைய அனுபவம். அந்த இலையில் வாசிசின் என்ற பொருள் இருப்பதை வேதியியலார் கண்டார்கள். அதை மாதிரியாக வைத்து உருவாக்கியதுதான் புரோம்ஹெக்சின் என்ற மருந்து. அதிலிருந்து வந்தது அம்ப்ராக்சால். இன்று மருந்துக் கடையில் வாங்கும் சளி சிரப் பாட்டில்களைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் இந்த இரண்டில் ஒன்றின் பெயர் இருக்கும். வேலி ஓரத்து ஆடாதோடையின் வழித்தோன்றல் அது.

இன்னொரு செடி சர்ப்பகந்தா. இதன் வேர் மனக்கொந்தளிப்புக்கும் தூக்கமின்மைக்கும் நம் நாட்டில் நெடுங்காலமாகப் பயன்பட்டது. டெல்லியில் ஹக்கீம் அஜ்மல் கான் அவர்கள் பரம்பரை யூனானி மருத்துவக் குடும்பத்தில் பிறந்தவர். விடுதலைப் போராட்டத்தில் காங்கிரஸ் தலைவராக இருந்தவர். ஜாமியா மில்லியா இஸ்லாமியாவை உருவாக்கியவர்களில் ஒருவர். அவர் டெல்லியில் நிறுவிய திப்பிய்யா கல்லூரியை 1921-ல் காந்தியடிகள் திறந்து வைத்தார். பழைய மருந்துகளை நவீன வேதியியல் கூடத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது ஹக்கீம் அவர்களின் விருப்பம். அந்த விருப்பப்படி அமைந்த ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் ஜெர்மனியில் படித்துத் திரும்பிய சலீமுஸ்ஸமான் சித்தீகி. ஹக்கீம் அவர்கள் 1927-ல் மறைந்துவிட்டார். 1931-ல் சர்ப்பகந்தா வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்த சித்தீகி, அதற்கு அந்தப் பெரியவரின் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். இதயத் துடிப்புக் கோளாறு தொடர்பான சிகிச்சையிலும் பரிசோதனையிலும் அந்தப் பெயர் உலகம் முழுவதும் வழங்குகிறது.

அதே வேரிலிருந்து 1952-ல் ரெசர்பின் என்ற இரத்த அழுத்த மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. உலகமெங்கும் மருத்துவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். அழுத்தம் குறைந்தது. கூடவே சிலருக்குக் கடுமையான மனச்சோர்வும் வந்தது. அளவு கூடினால் ஆபத்து என்பதும் தெரிந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பரம்பரை ஹக்கீம் ஒருவரே "எங்கள் மருந்து பழையது, சோதனை தேவையில்லை" என்று சொல்லவில்லை. மருந்தின் மீது நம்பிக்கை இருந்ததால்தான் சோதித்துப் பார்க்கச் சொன்னார். நாம் இன்று அடிக்கடி கேட்கும் "இயற்கை மருந்து, பக்கவிளைவே கிடையாது" என்ற பேச்சை அவர் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். விளைவு உள்ள பொருளுக்குப் பக்கவிளைவும் இருக்கவே செய்யும்.

நான்கு கேள்விகள்

எனவே எந்தக் கைமருந்தானாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்தச் செடி? எவ்வளவு? யாருக்கு? எத்தனை நாள்?

எந்தச் செடி என்பது எளிய கேள்வி போலத் தோன்றும். செங்காந்தள் நம் மாநில மலர். அதன் கிழங்கு பார்க்கச் சாப்பிடும் வள்ளிக்கிழங்கு மாதிரி இருக்கும். தவறுதலாகத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். அதிலிருக்கும் கோல்கிசின் என்ற பொருள் மிகச் சிறிய அளவில் மூட்டு வாத நோய்க்கு மருந்து, அளவு மீறினால் உயிர் குடிக்கும் நஞ்சு. பெயர்களும் குழப்பும். வடநாட்டில் 'பிரம்மி' என்றால் சிலர் வல்லாரையைச் சொல்வார்கள், சிலர் நீர்ப்பிரம்மியைச் சொல்வார்கள். இரண்டும் வேறு வேறு செடிகள். கைப்பேசியில் யாரோ அனுப்பிய படத்தை வைத்துக்கொண்டு வயலோரத்தில் இலை பறிக்காதீர்கள். பச்சையாகத் தெரிந்தால் பழகியவரிடம் காட்டிப் பறியுங்கள், காய்ந்த சரக்கென்றால் நம்பகமான நாட்டுமருந்துக் கடையில் வாங்குங்கள்.

எவ்வளவு என்பது இரண்டாவது. மஞ்சள் குழம்பில் ஒரு சிட்டிகை போடுவது உணவு. அதையே மாத்திரையாக்கி நாள்தோறும் கிராம் கணக்கில் விழுங்குவது வேறு விஷயம். அப்படிச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது.

யாருக்கு என்பது மூன்றாவது. நாம் இப்போது பாராட்டிய ஆடாதோடையே கர்ப்பிணிகளுக்கு ஆகாது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை அதற்கு உண்டு. அதிமதுரம் தொண்டைக்கு இதமானது. ஆனால் இரத்த அழுத்தம் உள்ளவர் அதை நாள்தோறும் எடுத்தால் அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். சிறுநீரகம் பழுதானவருக்கு இதற்கு நேர்மாறான கவலை. அவர் உடம்பில் பொட்டாசியம் தேங்கும். அவருக்குக் கீரைச் சாறும் இளநீரும்கூட மருத்துவரைக் கேட்டுத்தான். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் பூண்டையும் இஞ்சியையும் மருந்தளவில் சேர்த்துக்கொண்டால் இரத்தக்கசிவு அபாயம் கூடலாம்.

எத்தனை நாள் என்பது நான்காவது. சித்த மருத்துவ மரபு மருந்துகளுக்கு ஆயுள் வகுத்திருக்கிறது. சாறும் குடிநீரும் 3 மணி நேரம், சூரணம் 3 மாதம் என்பது அந்தக் கணக்கு. காலையில் காய்ச்சிய கஷாயத்தை இரவில் சூடாக்கிக் கொடுப்பதும், போன வருடத்துப் பொடியைத் தட்டிப் பார்த்துக் கொடுப்பதும் அந்த மரபே ஒப்பாதவை. அதுபோல இரண்டு மூன்று நாளில் குறையாத உபாதையை வாரக்கணக்கில் கைமருந்தால் தள்ளிப்போடுவதும் சரியல்ல.

கடைசியாகக் கொடுத்த மருந்துக்குக் கிடைக்கும் பெயர்

இப்போது கவனமாகக் கேட்க வேண்டிய இடத்துக்கு வருகிறோம். மஞ்சள் காமாலை என்றதும் நாம் கீழாநெல்லியைத் தேடுகிறோம். அரைத்து மோரில் கலந்து கொடுக்கிறோம். பலருக்குச் சரியாகிவிடுகிறது. அது உண்மை. ஆனால் காமாலை என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. கண்ணும் தோலும் மஞ்சளாவது ஓர் அடையாளம். தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைகள் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே அடங்கும். கீழாநெல்லி கொடுத்தாலும் அடங்கும், கொடுக்காவிட்டாலும் அடங்கும். பித்தக் குழாயில் கல் அடைத்ததால் வந்த காமாலை அப்படி அடங்காது. எலிக்காய்ச்சலால் வந்தது அடங்காது. ஹெபடைடிஸ் பி சிலருக்கு உள்ளேயே தங்கிக் கல்லீரலை அரிக்கும். கர்ப்பிணிகளுக்கு ஹெபடைடிஸ் ஈ வந்தால், முக்கியமாகக் கடைசி மூன்று மாதங்களில், தாயின் உயிருக்கே ஆபத்து.

கீழாநெல்லியை நம் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 1988-ல் புகழ்பெற்ற 'லான்செட்' ஏட்டில் நல்ல பலன் கிடைத்ததாக வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி மீது யாருக்கும் பகை கிடையாது. ஒரு முறை கிடைத்த பலன் மறுமுறையும் கிடைக்கிறதா என்று பார்ப்பதுதான் அறிவின் வழி. ஆகவே காமாலை கண்டால் முதலில் இரத்தப் பரிசோதனை. எந்தக் காமாலை என்று தெரிந்த பிறகு, சித்த மருத்துவரோ யூனானி மருத்துவரோ சொன்னபடி கீழாநெல்லி சாப்பிடலாம். கண்ணில் சாறு ஊற்றுவதும் கையில் சூடு போடுவதும் வேண்டவே வேண்டாம்.

டெங்கு காய்ச்சலிலும் இதே கதைதான். நிலவேம்புக் குடிநீரை நம் மாநில அரசே டெங்கு பரவும் காலங்களில் மக்களுக்கு வழங்கியிருக்கிறது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்குகள் சேர்ந்தது அது. குடிக்கலாம். ஆனால் டெங்குவில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. மூன்று நான்கு நாளில் காய்ச்சல் தானாகவே இறங்கும். "கஷாயம் கேட்டுவிட்டது" என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். ஆபத்து தொடங்குவது அப்போதுதான். காய்ச்சல் விட்ட அந்த ஓரிரு நாளில் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் சில்லிடுதல், அதிகச் சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பாம்புக்கடியும் அப்படியே. கடிக்கும் பாம்புகள் எல்லாம் நஞ்சுள்ளவை அல்ல. நஞ்சுள்ள பாம்பும் சில நேரம் நஞ்சை இறக்காமல் கடிப்பதுண்டு. அப்படித் தப்பியவருக்குச் சிறியாநங்கை இலை கொடுத்திருந்தால் பெயர் இலைக்குப் போகிறது. உண்மையில் நஞ்சு ஏறியவருக்கு ஒரே மருந்து நஞ்சுமுறி ஊசி. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் மக்களின் கூட்டுறவுச் சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு பாம்புகளின் நஞ்சை எடுத்துக் கொடுக்கிறது. அந்த மருந்து தயாராவது இத்தகைய நஞ்சிலிருந்துதான். பாம்புகளையும் மூலிகைகளையும் நம்மைவிட அதிகம் அறிந்தவர்கள் அந்த மக்கள். நாய்க்கடிக்கும் பச்சிலை கட்டாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போடுங்கள். வெறிநோய் வந்துவிட்டால் எந்த மருத்துவத்திலும் மீட்பு இல்லை.

தானாக அடங்கும் நோய்க்குக் கடைசியாகக் கொடுத்த மருந்து பெயர் வாங்கிக்கொள்ளும். அந்தப் பெயரை நம்பி, தானாக அடங்காத நோய்க்கும் அதையே கொடுத்தால் உயிர் போகும்.

சர்க்கரையும் பொடிகளும்

எங்களுக்கு வரும் மனுக்களில் அதிகம் வேதனை தருவது சர்க்கரை நோய். சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சீனியை நாவில் போட்டால் இனிப்பே தெரியாது. பார்த்தவர்கள் வியந்து போவார்கள். ஆனால் நாவில் இனிப்பு மறைவதும் இரத்தத்தில் சர்க்கரை குறைவதும் ஒன்றல்ல. வெந்தயம் சர்க்கரை ஏறும் வேகத்தை ஓரளவு மட்டுப்படுத்தும். உணவோடு சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அது மாத்திரைக்குப் பதில் ஆகாது. மாத்திரையோடு இத்தகைய பொடிகளையும் அதிகமாகச் சேர்த்தால் சர்க்கரை திடீரென்று இறங்கவும் கூடும். நோன்பு நாட்களில் இதைப் பற்றிக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். சிறு வயதிலேயே சர்க்கரை வந்து இன்சுலின் போடும் பிள்ளைக்கு அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. "ஊசியிலிருந்து விடுதலை" என்று விளம்பரம் செய்கிறவரிடம் அந்தப் பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள்.

சர்க்கரை, புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அப்படி ஒரு நோட்டீஸ் கையில் கிடைத்தால் அதுவே எச்சரிக்கை மணி. பெயரில்லாத பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடி, ஆஸ்துமாப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிடும். ஆறு மாதத்தில் முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும். பஸ்பம், செந்தூரம் போன்றவற்றில் உலோகங்கள் சேர்வதுண்டு. பட்டம் பெற்ற மருத்துவர் எழுதித் தந்தாலன்றி அவற்றைத் தொடாதீர்கள். எந்த மருந்து டப்பாவானாலும் உரிம எண், தயாரித்த தேதி, சேர்ந்த சரக்குகள் அச்சிட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

கருஞ்சீரகம் பற்றி ஒரு வார்த்தை

கருஞ்சீரகத்தின் சிறப்பைச் சொல்லும் நபிமொழியை நம்மில் அறியாதவர் இல்லை. அதை மதித்து ஒரு சிட்டிகை எடுத்துக்கொள்வது நல்ல வழக்கம். ஆனால் அதைக் காரணம் காட்டி இரத்த அழுத்த மாத்திரையைத் தூக்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நபிமொழிக்கு விரிவுரை எழுதிய பழைய இமாம்கள், எல்லா நோய்க்கும் எல்லோரும் அதை ஒரே மாதிரி விழுங்க வேண்டும் என்று பொருள் சொல்லவில்லை. நோய்க்குத் தக்கபடி தனியாகவும், வேறு மருந்துகளோடு கலந்தும், உள்ளுக்கும் வெளிப்பூச்சாகவும் பயன்படுவது என்று விளக்கினார்கள். சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்று ஏவியதும் அதே நபி (ஸல்) அவர்கள்தான். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்கிறவர் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்று எச்சரித்ததும் அவர்கள்தான். ஷிஃபா அல்லாஹ்விடமிருந்து. காரணங்களைத் தேடுவது நம் கடமை.

தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும்

தாய்மார்களே, இந்தப் பகுதி உங்களுக்கு. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். வசம்பு உரைத்துக் கொடுப்பது பழைய வழக்கமாக இருக்கலாம். அதன் வேரில் உள்ள சில பொருட்கள் நல்லதல்ல என்று இன்று தெரிந்திருக்கிறது. ஒரு வயது நிறையும் வரை தேன் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகளைப் பெரியவர் வயிறு தாங்கும், பச்சிளம் குழந்தையின் வயிறு தாங்காது. வேப்பெண்ணெயைக் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுத்து மூளை பாதித்த சம்பவங்கள் உண்டு. கற்பூரம் கலந்த எண்ணெயைச் சிறு குழந்தையின் நெஞ்சில் தேய்க்காதீர்கள், வலிப்பு வரக்கூடும். நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது பெரியவர்களுக்கு இதம். பிள்ளைகளைக் கொதிக்கும் பாத்திரத்துக்கு முன்னால் போர்வை போட்டு உட்கார வைக்காதீர்கள். பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் மாதுளை ஓடு தேடும் முன் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். அந்தப் பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

பெருநாளைக்கு மருதாணி வைக்கிறோம். வீட்டில் பறித்து அரைத்த மருதாணி சிவப்பாகத்தான் பிடிக்கும். சில நிமிடத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் கோன்களில் தலைமுடிச் சாய ரசாயனம் இருக்கும். பிள்ளைகளின் கையில் கொப்புளமும் ஆறாத தழும்பும் வருவது அதனால்தான்.

வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியவை

மருத்துவர் "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். கஷாயமும் பொடியும் நம் கணக்கில் மருந்தாக வருவதில்லை. இன்றிலிருந்து அதைக் கணக்கில் சேருங்கள். வீட்டில் ஒரு சிறு நோட்டு வையுங்கள். யார், என்ன மாத்திரை, என்ன கைமருந்து, எப்போதிலிருந்து என்று எழுதுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோங்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் இது மிக முக்கியம்.

மூலிகை மருத்துவம்தான் வேண்டும் என்றால் அதற்கும் படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவு உண்டு. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கெல்லாம் செலவும் குறைவு, ஏமாற்றும் இல்லை. சர்க்கரை, அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-லிருந்து நடக்கிறது. மாத்திரை வாங்க வசதியில்லை என்பதற்காகப் பொடிக்கு மாற வேண்டியதில்லை. அப்படி ஒரு நெருக்கடி இருந்தால் கூச்சப்படாமல் எங்களிடம் வாருங்கள். மாதம் சில நூறு ரூபாய்க்கு மாத்திரை வாங்கித் தருவது எங்களால் இயலும். காலை எடுத்த பிறகு வரும் மனுவுக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது.

அறக்கட்டளைக் கட்டடத்தின் பின்புறம் சும்மா கிடக்கும் இடத்தில் ஆடாதோடை, தூதுவளை, கற்பூரவள்ளி, நொச்சி, வல்லாரை, கீழாநெல்லி நட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை வைக்க இருக்கிறோம். எதற்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பது இரண்டும் அந்தப் பலகையில் இருக்கும். செடி வைத்திருப்பவர்கள் ஒரு கிளை கொடுத்து உதவுங்கள். பெரியவர்கள் தங்களுக்குத் தெரிந்த கைமருந்துகளை வந்து எழுதித் தாருங்கள். அவை மறைந்துபோகக் கூடாது. தகுதியுள்ள மருத்துவர் ஒருவர் பார்த்துச் சரி என்று சொன்னவற்றை நம் மடலில் வெளியிடுவோம், இன்ஷா அல்லாஹ்.

சளிக்குத் தூதுவளை ரசம் வைக்கும் கை, நெஞ்சுவலிக்கு 108-ஐ அழைக்கவும் தயங்கக் கூடாது. நோயுற்ற நம் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. நம் பிள்ளைகளின் ஆரோக்கியத்தைக் காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.